தோளில் ஒரு கரிப்பொட்டு

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான் பெற்றது நாலு, நாத்தனார் விட்டுப்போனது ஒன்று. மூன்றாம் வகுப்போடு நின்ற கைதான் இது, ஆனாலும் யாரிடமும் சொல்லி எழுதவைக்காமல் நானே எழுதுகிறேன். சட்டிக்கரியும் வேர்வையும் கலந்த வாசனை ஒன்று உண்டு. அதை நினைத்தாலே போதும், திருநள்ளாற்றுப் பக்கம் எங்கள் வீட்டுக் களமும், மாட்டுக்கொட்டகையோரம் கொடியில் வரிசையாகத் தொங்கிய பனியன்களும் கண்முன்னே வந்து நிற்கும்.

அப்பா சிலம்ப வாத்தியார். தை அறுவடை முடிந்து களம் காலியானதும், மாசி மகத்தன்று கடற்கரையில் நடக்கும் போட்டிக்கு ஊர்ப் பையன்களைத் தயார் செய்வார். கம்பு நுனியில் துணி சுற்றி, கரிக்குழம்பில் தோய்த்துக்கொண்டு ஆடுவார்கள். உடம்பில் கரி பட்டால் அது ஒரு "பொட்டு". பொட்டு குறைவாக வாங்கியவன்தான் ஜெயித்தவன். அவனுடைய ஊர்தான் சாமி கடலாடப் போகும்போது முன்னால் கம்பு சுற்றிக்கொண்டு போகும். எங்கள் ஊர் ஒரு தடவைகூட அப்படிப் போனதில்லை. அப்பாவுக்கு அது தீராத குறை.

பயிற்சி நடக்கும்போது அப்பா வாயே திறக்கமாட்டார். முடிந்ததும் எல்லோரும் பனியனைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுக் குளத்துக்குப் போய்விட வேண்டும். விடிந்ததும் அந்தப் பனியன்களைத்தான் ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார். "ஆளப் பாத்தா கண்ணு கம்பு பின்னாடி ஓடிரும். பனியன்தான் ஓட்ட எங்கன்னு சொல்லும்" என்பார். அவரவர் ஓட்டைக்குத் தகுந்தபடி அன்றைய பாடம். ஊரார் பிள்ளைகளுக்கு ஏச்சோடு போகும். என் அண்ணன் கலியபெருமாளுக்கு மட்டும் ஒரு பொட்டுக்கு முதுகில் ஒரு புளிய விளாறு அடி. "வாத்தியார் மவன் மேல கரி பட்டா, வாத்தியார் மூஞ்சில பட்ட மாதிரிடா."

அம்மாவுக்கு அந்த முதுகைப் பார்க்கத் தாங்கவில்லை. அந்தி சாய்ந்ததும் அண்ணனின் பனியனை எடுத்துப்போய் வாய்க்காலில் உவர்மண் போட்டுக் கசக்குவாள். இடது விலாப் பக்கம்தான் எப்போதும் கரி அப்பிக் கிடக்கும். அதே மாதிரி இன்னொரு பனியனை அரிசிக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அதைக் கொடியில் போடுவாள். வெறும் வெள்ளையாக இருந்தால் அப்பா சந்தேகப்படுவார் என்று, அடுப்புச் சட்டியில் விரலைத் தேய்த்து, குழந்தைக்குக் கன்னத்தில் திருஷ்டி மை வைப்பதுபோல, தோளில் ஒரே ஒரு பொட்டு வைப்பாள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம், "ஒங்கப்பாட்ட மூச்சு விட்டே, வாயில சூடுதான்" என்பாள். அண்ணனுக்கும் தெரியும். முதுகு எரியாமல் தூங்குவது யாருக்குத்தான் கசக்கும்?

காலையில் அப்பா அந்தப் பனியனைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார். "தோள்ல ஒண்ணே ஒண்ணு. தேறிட்டான்" என்று எங்கள் வைத்தி மாமாவிடம் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி இளகும். பிறகு அந்த ஒரு குறையையும் தீர்க்க வேண்டுமென்று, "கம்ப மேல தூக்கு, தோள மூடு" என்று தினமும் அதையே பழக்கினார். அண்ணனின் கை மேலே மேலே ஏறியது. ஏறினால் விலா திறக்கும் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

மாசி மகம் வந்தது. அண்ணனுக்கு எதிராக நின்றவர் கருக்களாச்சேரிக்காரர், வலை இழுத்து இறுகிய கை. "நெல்லு அளக்குற கைக்குக் கம்பு எதுக்குடா?" என்று அவர் ஆட்கள் கத்தினார்கள். "இது மீன் சந்தையில்ல, கத்தாம ஆடச் சொல்லுய்யா" என்றார் வைத்தி மாமா. அண்ணன் நன்றாகத்தான் ஆடினான். தோளில் ஒரு பொட்டுகூட விழவில்லை. இடது விலாவில்தான் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, கடைசியில் கை அகலத்துக்கு ஒரே கறுப்பாக நின்றது. சாமிக்கு முன்னால் கருக்களாச்சேரிக்காரர்கள் கம்பு சுற்றிக்கொண்டு போனார்கள்.

அப்பா அண்ணனின் பனியனைக் கழற்றச் சொல்லி மணலில் விரித்துப் பார்த்தார். "இது இன்னிக்கு உண்டான ஓட்ட இல்ல" என்றார். அண்ணன் தலை நிமிரவில்லை.

"நாந்தாங்க அலசுனேன்" என்றாள் அம்மா. "புள்ள முதுகப் பாக்க முடியல."

அப்பா திட்டுவார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பனியனை மணல் உதறி மடித்துக்கொண்டே, "நான் அடிக்காம இருந்திருந்தா நீ அலசியிருக்க மாட்ட" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த தையில் கொட்டகையில் விளாறு இல்லை. "ஒருக்கா வந்து நில்லுப்பா" என்று அப்பா அண்ணனைக் கெஞ்சிக்கூடப் பார்த்தார். "வயல்ல வேல கெடக்கு" என்று போன அண்ணன் சாகும்வரை கம்பைத் தொடவில்லை. அம்மா கடைசி நாட்களில்கூட விரல் நுனியைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது அந்தக் களம் மனைக்கட்டாகிவிட்டது. என் மகன் வயிற்றுப் பேத்தி யாழினி காரைக்காலில் சிலம்பம் படிக்கிறாள். தலைக்குக் கவசம், நெஞ்சுக்குக் கவசம், கரி என்ற பேச்சே இல்லை. எல்லாம் போனில் பிடித்து வைக்கிறார்கள். ஜெயித்த ஆட்டங்களை எனக்குப் போட்டுக் காட்டுவாள். "தோத்தது எங்கடி?" என்று போன வாரம் கேட்டேன். "அதெல்லாம் அழிச்சிட்டேன் அப்பாயி" என்றாள்.

அன்றைக்கு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். முடித்ததும் அவள் கையில்தான் கொடுக்கிறேன். கண்ணு, சத்தமாப் படிச்சுக் காட்டு. நெறைய எடத்துல தப்பா எழுதியிருப்பேன். நீயாத் திருத்தி அழிச்சிடாத. எங்கெங்கன்னு எனக்குக் காட்டு.