அந்தக் காணொலியின் முதல் பாதி

தடையில்லாமல் படிக்கத் தெரிந்த ஒரு குழந்தையை, ஓர் எழுத்துகூடத் தெரியாதவளாக நடிக்க வைத்துப் படம் பிடித்தேன். அதை ஊர் உலகத்து ஆசிரியர்கள் எல்லோர் முன்னாலும் வைத்து, இவளை நான்தான் படிக்க வைத்தேன் என்று சொன்னேன்.

அவ்வளவுதான். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

நீங்கள் ஆசிரியராக இருந்தால் அந்தக் காணொலியைப் பார்த்தும் இருப்பீர்கள். முதல் பாதியில், தலை கலைந்த ஒரு சிறுமி புத்தகத்தை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பாள். “ஆ… ஆ…” என்று ஒரே எழுத்தில் முட்டிக்கொண்டு நிற்பாள். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், தேன் ஒழுகும் குரல், ‘பரவாயில்லைடா கண்ணா, மறுபடி சொல்லு’ என்று கொஞ்சும். அது என் குரல். இரண்டாம் பாதியில் அதே சிறுமி இரட்டைப் பின்னலும் சிவப்பு ரிப்பனுமாக, ஆமையைப் பற்றிய பாடத்தை மடமடவென்று படித்துவிட்டு, கடைசியில் நிமிர்ந்து உங்களைப் பார்த்துச் சிரிப்பாள். உங்களுக்குக் கண் கலங்கியிருக்கும். கைகூப்பும் படத்தைப் போட்டு, ‘வணங்குகிறேன் சகோதரி’ என்று எழுதியிருப்பீர்கள்.

துடைத்துக்கொள்ளுங்கள் அந்தக் கண்ணீரை. இரண்டு பாதிகளையும் ஒரே நாளில் எடுத்தேன். மதியச் சத்துணவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. சீ!

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை நான். பொன்னேரியிலிருந்து ரயிலில் வந்து போகிறேன். அந்தச் சிறுமியின் பெயர் பவித்ரா. அவள் அம்மா செல்வி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். அப்பா இல்லை. வீட்டில் இவர்கள் இருவர் மட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களின் அந்த இணையக் குழுவைத் திட்டி என் அழுக்கைக் கழுவிக்கொள்ள நான் வரவில்லை. அந்தக் குழு எனக்கு நல்லதுதான் செய்தது. சேர்ந்த புதிதில் ஒரு நாள், வெட்கத்தை விட்டு எழுதினேன். ‘என் வகுப்பில் பாதிப் பேருக்கு வாசிக்கவே வரவில்லை, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை’ என்று. யாரும் சிரிக்கவில்லை. முகம் தெரியாத ஓர் ஆசிரியை எங்கோ தெற்கிலிருந்து கேட்டார். ‘உங்கள் பிள்ளைகள் தினமும் கண்ணால் பார்க்கிற எழுத்து எது? அங்கிருந்து தொடங்கிப் பாருங்களேன்.’

அவர்கள் பார்க்கிற எழுத்து… பிஸ்கட் உறை. ரேஷன் கடைப் பலகை. அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி வேனின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஊர்ப்பெயர்கள். எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டு வந்தேன். பலன் இருந்தது! பொங்கல் விடுமுறைக்குள் பிள்ளைகள் தட்டுத் தடுமாறியாவது சொற்களைப் பிடித்துவிட்டார்கள். என் வேலை வாழ்க்கையிலேயே நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

அதை அப்படியே குழுவில் எழுதினேன். இரண்டு மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

வலித்தது. ஆம், சிரிக்காதீர்கள், வலித்தது! ஏனென்றால் அந்தக் குழுவில் சனிக்கிழமை தோறும் ‘அன்று–இன்று’ என்று ஒரு வழக்கம் உண்டு. ஆண்டுத் தொடக்கத்தில் திணறிய குழந்தையின் காணொலி ஒன்று, இப்போது வெளுத்து வாங்கும் அதே குழந்தையின் காணொலி ஒன்று. இரண்டையும் ஒட்டிப் போட வேண்டும். அதைப் போடுபவர்களுக்குத்தான் பாராட்டு. அவர்களைத்தான் இணைய வழியில் பேச அழைப்பார்கள். நானோ ஜூன் மாதத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேனே தவிர, யாரையும் படம் எடுத்து வைக்கவில்லை. என்னிடம் ‘இன்று’ இருந்தது. ‘அன்று’ இல்லை.

இல்லாவிட்டால் என்ன, செய்துகொள்ளலாமே என்று தோன்றியது. அப்படித் தோன்றிய மண்டையை எங்கே கொண்டு போய் முட்டிக்கொள்வது?

உண்மையிலேயே முன்னேறிய பிள்ளைகள் யாரும் எனக்குப் பயன்படவில்லை. அவர்கள் இன்னும் திக்கினார்கள். இரண்டாம் பாதியில் திக்கினால் யார் கைதட்டுவார்கள்? சரளமாகப் படிப்பவர்கள் வகுப்பில் இரண்டே பேர். ஒருவன் ஹார்டுவேர் கடைக்காரர் மகன், தும்பைப்பூ மாதிரி சட்டை போட்டு வருவான். இன்னொருத்தி பவித்ரா.

பவித்ரா எப்போது படிக்கக் கற்றாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் வரும்போதே படித்தாள். மற்ற பிள்ளைகளை உட்கார வைத்து, பிஸ்கட் உறையில் விரலை ஓட்டி ஓட்டி எனக்கு முன்பே சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். என் வகுப்பில் நான் பெற்ற வெற்றியில் பாதி அவளுடையது.

பிறகு ஏன் அவளைத் தேர்ந்தெடுத்தேன்?

இங்கேதான் எனக்குக் குமட்டுகிறது. இதுவரை சொன்னதெல்லாம் பொய் சொன்ன குற்றம். இது வேறு.

கடைக்காரர் மகன் முகத்தைப் பார்த்தால் படிக்கத் தெரியாதவன் என்று யாரும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். அவளைப் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன்.

கறுத்த முகம். காலனிப் பிள்ளை. எண்ணெய் காணாத தலை. எங்கள் குடும்பத்துக்குப் பொன்னேரிக்கு அந்தப் பக்கம் நஞ்சை இருக்கிறது. அதில் நாற்று நட்டதும் களை பிடுங்கியதும் இவளுடைய ஆட்களைப் போன்றவர்கள்தாம். இன்று அவர்கள் கம்பெனிக்குப் போகிறார்கள், நாங்கள் ஆளுக்கு அலைகிறோம். சாதியெல்லாம் பார்ப்பதில்லை என்று ஆசிரியர் அறையில் வாய் கிழியப் பேசுகிறவள் நான். ஆனால் ‘படிப்பு வராத முகம் எது’ என்று தேடியபோது என் கண் நேராக எங்கே போய் நின்றது, பார்த்தீர்களா?

படம் எடுத்த அன்று அவளுக்குத் திக்கத் தெரியவில்லை. எழுத்தைப் பார்த்ததும் சொல் தானாக வாயில் வந்து விழுந்தது. சிரித்துவிட்டாள். “இன்னாத்துக்கு டீச்சர் தப்பா படிக்கணும்?” என்று கேட்டாள். இது ஒரு நாடகம், யாரிடமும் சொல்லக் கூடாது, அம்மாவிடமும் கூடாது என்றேன். பக்கத்தில் இருப்பவன் எப்படித் திணறுவான், அதே மாதிரி செய் என்றேன். அவள் பின்னலை நான்தான் அவிழ்த்துக் கலைத்தேன். காலையில் அவள் அம்மா அப்பிவிட்ட பவுடரை என் கைக்குட்டையால் துடைத்தேன். இந்தக் கையால்தான்!

சத்துணவு முடிந்ததும் இரட்டைப் பின்னல் போட்டு, வாங்கி வைத்திருந்த சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டேன். முடிந்ததும் நிமிர்ந்து பார்த்துச் சிரி என்றேன். அதையும் சொன்னபடியே செய்தாள். ரிப்பனை அவளே வைத்துக்கொள்ளச் சொன்னதும் எவ்வளவு சந்தோஷம் அவளுக்கு…

காணொலி பறந்தது. குழுவைத் தாண்டி, யார் யார் போனுக்கோ போயிற்று. ரயில் பயணம் முழுவதும் நான் தலை நிமிரவில்லை, ஒவ்வொரு பாராட்டாகப் படித்துக்கொண்டே வந்து கவரைப்பேட்டையில் இறங்கினேன். அடுத்த சனிக்கிழமை பேச வாருங்கள் என்று குழுவிலிருந்து அழைத்தார்கள். தலைப்பு என்ன தெரியுமா? ‘இந்தக் குழுவால் முழுப் பயன் பெறுவது எப்படி?’

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, பள்ளி விடும் நேரத்தில் செல்வி வந்தாள். வேலைக்குப் போகவில்லை போலும், தலைக்குக் குளித்திருந்தாள். பவித்ராவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். சண்டைக்கு வந்திருக்கிறாள், கேட்கட்டும், கேட்டால் காலில் விழுந்துவிடுவோம் என்றுகூட நினைத்தேன்.

அவள் சண்டைக்கு வரவில்லை.

“கம்பெனி வேன்ல ஒரு பொண்ணு போன்ல காட்டுச்சி டீச்சர், இது உன் பொண்ணுதானேன்னு. எல்லாம் சிரிக்குதுங்க. எனுக்குப் படிக்கத் தெரியாது. கம்பெனிலேர்ந்து ஷிப்டு மெசேஜ் வந்தா இதுதான் படிச்சிச் சொல்லும். மாத்திர அட்டைகூட இதுதான் பாத்துக் குடுக்கும். படிக்கத் தெரிஞ்ச புள்ளன்னு நம்பிக்கினு இருந்தேன். இத்தினி நாளா ஏமாத்திக்கினு இருந்திருக்குது பாருங்க.”

மெல்லிய குரலில், ஷிப்ட் நேரமெல்லாம் சரியாகத்தானே சொன்னாள் என்று மட்டும் கேட்டேன்.

“சரியாத்தான் இருந்திச்சி. யார் கைலயாவது கேட்டுக்கினு வந்து சொல்லியிருக்கும்” என்றாள்.

புரிகிறதா உங்களுக்கு? தினமும் தன் கண்ணெதிரே மகள் படித்ததை அவள் நம்பவில்லை. டீச்சர் போட்ட படத்தை நம்பினாள். தன் அனுபவம் பொய்யாக இருக்கலாம், டீச்சர் பொய்யாக இருக்க முடியாது என்று அவளுக்கு அவ்வளவு உறுதி. இப்போது படித்தாலும் மகளை நம்ப முடியாது, இனிமேல் மெசேஜை மேல் வீட்டுப் பெண்ணிடம் காட்டிக்கொள்வதாகச் சொன்னாள். மகளை அடித்ததையும் சொன்னாள். வேன் இறங்கிய கையோடு போய், துடைப்பக்கட்டையால்.

பிறகு, நீங்களாவது படிக்க வைத்தீர்களே என்று நன்றி சொன்னாள். வந்த படிப்பு மறுபடி போய்விடக் கூடாது என்று அன்று காலை பெரியபாளையம் போய் வேண்டுதலை முடித்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். அம்மனுக்கு வேப்பஞ்சேலை. தனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. உடம்பு முழுக்க வேப்பிலையைக் கட்டிக்கொண்டு, அந்தக் குழந்தை கோயிலைச் சுற்றி வந்திருக்கிறது… ஏற்கெனவே தன்னிடம் இருந்த படிப்புக்காக! அன்று பவித்ரா மத்தியானம்தான் பள்ளிக்கு வந்தாள் என்பதும், ஏன் தாமதம் என்று நான் அதட்டியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் கழுத்தில் வேப்பிலை கீறிய கோடுகள் இருந்தன.

செல்வி கோயிலிலிருந்து கொண்டு வந்த பொட்டலத்தைப் பிரித்துக் குங்குமத்தை நீட்டினாள். பவித்ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடி வாங்கியும் சொல்லாதவள். அவள் கண்ணில் ஒரே கேள்விதான் இருந்தது. ‘இப்போ சொல்லலாமா டீச்சர்?’

ஒரு வார்த்தை போதும். ‘உன் பொண்ணு நல்லா படிப்பா செல்வி, நான்தான் பொய் சொன்னேன்.’ இதைச் சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்?

நான் பவித்ராவைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று.

பிறகு குனிந்து, குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். தூ!

மறுநாள் பேசினேன். ஆமாம், பேசினேன்! அந்தக் குங்குமத்தையும் வைத்துக்கொண்டு, கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து. நான் சொன்னவை எல்லாம் நல்ல அறிவுரைகள். வேண்டுமானால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளைச் சேர்த்துக் குவிக்காதீர்கள், ஒன்றை எடுத்து வகுப்பில் செய்து பாருங்கள். நடந்ததைத் திரும்பி வந்து சொல்லுங்கள். தோற்றதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள், அங்கேதான் உதவி கிடைக்கும். பெற்றோரைக் கேட்காமல் குழந்தையின் படத்தைப் போடாதீர்கள், அதன் கண்ணியம் முக்கியம் என்றுகூடச் சொன்னேன். என் வாய் அழுகிப் போகவில்லை. கேட்டவர்கள் நெகிழ்ந்தார்கள். வாயே திறக்காத குழந்தையிடம் முதலில் என்ன செய்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். பொறுமையாக அவள் கண்ணைப் பார்த்தேன் என்றேன்.

குழுவிலிருந்து அந்தக் காணொலியை அப்புறம் நீக்கிவிட்டேன். அதனால் என்ன? எத்தனையோ போன்களில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. செல்வியின் போனிலும் இருக்கிறது. வேனில் வருகிறவர்களுக்கு அவளே எடுத்துக் காட்டுகிறாளாம், என் பொண்ணு எப்படி இருந்தது, டீச்சர் எப்படி மாற்றினார் பார் என்று. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். அவளுடைய கம்பெனி வேன் ஸ்டேஷன் ரோட்டில் எதிரே வந்தால் முந்தானையைச் சரி செய்வது போல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பெயர் தெரியாத உங்களிடம் சொல்ல முடிகிறது. அவளிடம் முடியவில்லை. இது என்ன ஒப்புதல்?

சென்ற வாரம் வகுப்பில் புதுப் பாடம் தொடங்கினேன். பவித்ராவை எழுப்பிப் படிக்கச் சொன்னேன். அவள் புத்தகத்தைப் பிரித்தாள். படிக்கவில்லை. என் கையில் போன் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு கேட்டாள். குறும்பு இல்லை, கோபம் இல்லை. எந்த நோட்டில் எழுதட்டும் என்று கேட்பது போலக் கேட்டாள்.

“மொதல் மாதிரி படிக்கட்டா டீச்சர், ரெண்டாவது மாதிரி படிக்கட்டா?”

வகுப்பு அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது.

“ரெண்டாவது மாதிரி” என்றேன்.

படித்தாள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, நான் சொல்லிக் கொடுத்த அந்தச் சிரிப்பைச் சிரித்தாள்.