தீர்வு சொல்லக் கூடாத ஒரு வாரம்

போன மாதம் நான் ஒரு மருத்துவக் கருவியைக் கண்டுபிடித்தேன். அது முதலில் என்னைத்தான் படுக்கப் போட்டது.

பி.பி. மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை என்று டாக்டர் என்னை எப்போதும் திட்டுவார். வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் சும்மா இருக்க முடியுமா? ஒரு பழைய அலாரம் கடிகாரம், ஒரு பிளாஸ்டிக் டப்பா, காலிங் பெல், கொஞ்சம் வயர். அலாரம் அடித்தால் பெல் அலறும். பெல் அலறினால் நான் மாத்திரையை விழுங்குவேன். ஞாயிறு ஆராதனைக்குக் கூடப் போகாமல் உட்கார்ந்து செய்து முடித்தேன்.

பெல் அடித்தது. விழுங்கினேன். அலாரத்தை முழுசாக அமர்த்தாவிட்டால் சற்று நேரம் கழித்து அது மறுபடி அடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. மறுபடி அடித்தது. நல்ல பிள்ளையாக மறுபடியும் விழுங்கினேன்... அப்புறம் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல், மனைவியைக் கூப்பிட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

விஷயம் கேள்விப்பட்டுச் சொந்தபந்தமெல்லாம் பார்க்க வந்தது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அக்கா மகள் மெர்லின் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

“மாமா, நீங்க மாத்திரைய போட மறக்கியளா, இல்ல போட்டத மறக்கியளா?”

யோசித்துப் பார்த்தேன். போட்டதைத்தான் மறக்கிறேன்! போட்டோமா இல்லையா என்று குழம்பி, எதற்கு வம்பு என்று விட்டுவிடுவேன். இதற்கு ‘போடு, போடு’ என்று அலறும் பெல் எதற்கு?

“பிரச்சனை என்னன்னு பாக்காமலே தீர்வு கண்டுபிடிச்சிருக்கிய,” என்றாள். கட்டிலில் கிடப்பவனிடம் இப்படியா பேசுவது?

மெர்லின் தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பயோமெடிக்கல் இன்ஜினியர். மானிட்டர், வென்டிலேட்டர், டயாலிசிஸ் மெஷின் — எது மக்கர் பண்ணினாலும் இவளைத்தான் தேடுவார்கள். பெர்மனென்ட் வேலை. அந்த ஒரு சொல்லுக்காகவே அவளுடைய அப்பா, அதாவது என் அத்தான், தினமும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறவர். துறைமுகத்தில் ஒரே நாற்காலியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மனிதனாகப் பிறந்தவன் வேலையில் சேரலாம், ஓய்வு பெறலாம். நடுவில் வேறெதுவும் செய்யக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? யாரிடமும் சொல்லாமல் சென்னையில் ஒரு ஃபெலோஷிப்புக்கு அப்ளை பண்ணிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் ஃபெலோஷிப் என்றால் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம். அத்தான் முதலில் சந்தோஷப்பட்டார். இது மருத்துவக் கருவிகளைப் புதிதாக உருவாக்குவதற்கான ஒரு வருடப் பயிற்சி, சேர வேண்டுமென்றால் வேலையை விட வேண்டும் என்று தெரிந்ததும் அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

“உன் வேலை, நீ விட்டுக்கோ. என் கையெழுத்தெல்லாம் வேண்டாம்,” என்றார். “ஆனா என் மனசு வேணும்லா? அது வரல.”

அதோடு எழுந்து உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் மெர்லின் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

அந்த ஃபெலோஷிப் ஒரு விநோதமான சமாச்சாரம். ஒரு டாக்டர், ஓர் இன்ஜினியர், ஒரு டிசைனர் என்று குழுவாகச் சேர்ப்பார்களாம். சேர்ந்தவுடன் ஆளுக்கொரு ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். கிடையாது. முதல் சில மாதம் ஆஸ்பத்திரி வார்டுகளில் சும்மா நிற்க வேண்டும். பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பிரச்சனை இதுதான் என்று தெளிந்த பிறகுதான் கருவியைப் பற்றிப் பேச்சே.

கடைசிச் சுற்றுத் தேர்வும் அப்படியே. உன் ஊரில் ஒரு வாரம் சுற்று. ஒரே ஒரு மருத்துவப் பிரச்சனையைக் கண்டுபிடி. யாருக்கு, எங்கே, ஏன் என்று சொல். நிபந்தனை ஒன்றுதான். தீர்வு சொல்லக் கூடாது.

தீர்வு சொல்லக் கூடாதா! நம் ஊரில் முடிகிற காரியமா இது? தூத்துக்குடி டவுன் பஸ்ஸில் ‘லேசா தலைவலி’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். முன் சீட் சுக்கைச் சொல்லும். பின் சீட் கண்ணாடியை மாற்றச் சொல்லும். கண்டக்டர் தன் மச்சினனுக்கு ஸ்கேன் எடுத்த கதையைச் சொல்லுவார். எந்தப் பக்கம் வலிக்கிறது என்று ஒருவர் கேட்பாரா? நீங்கள் இறங்கும் ஸ்டாப் வந்துவிடும்.

பிரச்சனை எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ரோஸ்லின், பக்கத்துக் கடலோர ஊரான தருவைகுளத்துக்காரர். சீலா மீனை வெட்டிக்கொண்டே என் மனைவியிடம் புலம்பினார். கணவர் சூசைக்குச் சர்க்கரை. விசைப்படகு டிரைவர்; ஒரு வாரம், பத்து நாள் என்று கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் படகு. இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. காலில் ஒரு புண், ஆறுவேனா என்கிறது.

“கடல்ல ஊசி போடுறதே இல்ல. போட்டேன் போட்டேன்னு பொய் சொல்லுதாவ. டாக்டரே சொல்லிட்டாவல்லா, நீரு பொய் சொல்லுதீருன்னு!”

மெர்லின் அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். காதில் வாங்கிக்கொண்டாள். மறுநாள் தருவைகுளம் புறப்பட்டாள். வழிகாட்ட நானும் புறப்பட்டேன். நேர் ரோடுதான், வழிகாட்ட ஒன்றுமில்லை. இருந்தாலும் பெரியவர் ஒருவர் கூட வேண்டாமா?

சூசை சாயங்காலம் கடலுக்குப் புறப்படுவதாக இருந்தார். மெர்லின் நோட்டைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். நடைப்பயிற்சி, வெந்தயம், பாகற்காய்ச் சாறு, மன உறுதி. மன உறுதிக்கு மட்டும் உதாரணங்களோடு நீண்ட நேரம் ஆனது. சூசை மரியாதையாகத் தலையாட்டினார். படகில் எங்கே நடைப்பயிற்சி செய்வது என்று அவர் கேட்கவில்லை. பெருந்தன்மையான மனிதர்.

நான் தண்ணீர் குடிக்க நிறுத்திய இடைவெளியில் மெர்லின் கேட்டாள். “கரையில இருக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும், அண்ணே?”

“கரையில ஒண்ணும் இல்லம்மா. சில நாள் ஊசி போட்டதும் கை வெடவெடன்னு நடுங்கும். கடலுக்குப் போனாத்தான் கிறக்கம், தாகம், ஒண்ணுக்குப் போயிட்டே இருக்கும்.”

“அதே ஊசி. அதே ஆளு. கடல்ல என்ன மாறுது?”

“சரக்கு மாறுது,” என்றார் ரோஸ்லின்.

“ஏளா, மாதா சத்தியமா நான் தொடுறதில்ல!” என்றார் சூசை. அத்தனை பெரிய உருவம், கண் கலங்கி நின்றது. எனக்கு என்னவோ போலிருந்தது. அதுவரை நானும் ரோஸ்லின் கட்சிதான்.

“படகுல எப்படி வைப்பிய, எப்படிப் போடுவிய... அப்படியே செஞ்சு காட்டுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்,” என்றாள் மெர்லின்.

கரைக்குப் போனோம். படகில் ஐஸ் ஏற்றி முடித்திருந்தார்கள். சாப்பாட்டுச் சாமான் வைக்கும் ஐஸ் பெட்டியைத் திறந்து, நொறுங்கின ஐஸுக்குள் முழங்கை வரை கையை விட்டு, சூசை ஒரு பொட்டலத்தை எடுத்தார். பாலித்தீன் கவர், அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் துணி, துணிக்குள் இன்சுலின் பாட்டில். கைக்குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றியிருந்தார்.

“டாக்டரு குளிர்ச்சியா வைக்கச் சொன்னாவ. கடல்ல எது கெடக் கூடாதோ அதெல்லாம் எங்களுக்கு ஐஸ்லதான். மேல ஒரு கை கல்லுப்பும் போட்டுருவேன். உப்பு போட்டா இன்னும் நல்லாக் குளிரும்லா?”

மெர்லின் பாட்டிலை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். சாய்த்தாள். உள்ளே எதுவும் நகரவில்லை. மருந்து கல்லாக உறைந்திருந்தது.

இன்சுலின் குளிர்ச்சியாக இருக்கலாம், உறையக் கூடாது. உறைந்தால் செத்துவிடும், அப்புறம் உருக்கினாலும் பிரயோஜனமில்லை. இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வெறும் ஐஸில் வைத்திருந்தால்கூட ஒருவேளை தப்பித்திருக்கும். உப்பு போட்ட ஐஸில்? உப்பும் ஐஸும் கையெட்டும் தூரத்தில் கிடைக்கிற ஊரில், ஒரு மனிதர் தன் மருந்தை அளவுக்கு மீறிப் பத்திரப்படுத்தியிருக்கிறார். கடலில் உருகவிட்டு உருகவிட்டு, செத்த மருந்தைத் தவறாமல் போட்டிருக்கிறார். சர்க்கரை ஏறியது. டாக்டர் அளவைக் கூட்டினார். கரைக்கு வந்து ஃபிரிட்ஜில் இருக்கும் நல்ல மருந்தைக் கூட்டின அளவில் போட்டபோது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, கை நடுங்கியது.

மெர்லினின் முகத்தைப் பார்த்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். எனக்குப் புரிந்தது. அவளுக்கு வேண்டிய பிரச்சனை கிடைத்துவிட்டது. விதிப்படி இப்போது அவள் நோட்டை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். படகில் எஞ்சினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, இந்த மருந்து உறைஞ்சு கெட்டுப் போச்சு. இதப் போடாதிய. இன்னைக்குக் கடலுக்குப் போகாதிய. இப்பவே டாக்டர்ட்ட போவோம்.”

ரோஸ்லின் மீன் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். “அப்ப இவுக போட்டிருக்காவ... தெனமும் போட்டிருக்காவ. நான் என்னெல்லாம் பேசிட்டேன்...” சூசை பாட்டிலை மறுபடி அந்தத் துணியிலேயே சுற்றினார். கெட்டுப்போன மருந்துதான். இருந்தாலும் சுற்றினார்.

டாக்டர் அந்தப் பாட்டிலைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறவர், பாவம். எதில் குளிர்ச்சியாக வைப்பாய் என்று கேட்க அவருக்கு நேரம் இருந்திருக்காது. “உங்களைப் பொய்யன்னு நினைச்சிட்டேன், மன்னிச்சிடுங்க,” என்றார். டாக்டர் ஒருவர் மன்னிப்புக் கேட்டதை என் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தேன். மருந்தின் அளவை மாற்றி, கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, இந்தத் தடவை கடலுக்குப் போகக் கூடாது என்றார்.

வழியெல்லாம் மெர்லின் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். ஊருக்குள் நுழையும்போது, “ரூல மீறிட்டேன் மாமா,” என்றாள்.

“அத ஏன் அவங்ககிட்ட சொல்லுதே? பிரச்சனைய மட்டும் சொல்லு, போதும்.”

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு இரண்டாவது மாத்திரையே தேவலை.

நேர்முகத் தேர்வு வீடியோ காலில். அவள் வீட்டில் நெட் சரியில்லை என்று எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடவே அத்தானும். ஹாலில் ஒரு ஓரமாக, செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

மெர்லின் அழகாகச் சொன்னாள். படகில் இரண்டே இடம்தான் உண்டு — கொதிக்கும் எஞ்சின் பக்கம், உறைய வைக்கும் ஐஸ் பெட்டி. நாள் கணக்கில் கடலில் இருக்கிற சர்க்கரை நோயாளிக்கு, இரண்டுக்கும் நடுவில் மருந்தை வைக்க ஓர் இடம் இல்லை. இதுதான் பிரச்சனை.

திரையில் தேர்வுக் குழுவினர் மூவர்; அதில் ஓர் அம்மையார் கேட்டார். “அந்த மீனவரிடம் எதுவும் சொன்னீர்களா?”

“சொல்லிட்டேன் மேடம். சொல்லக் கூடாதுன்னு தெரியும். சொல்லாம இருந்தா அவர் அன்னைக்கு அந்த மருந்தோட கடலுக்குப் போயிருப்பார். இதுக்காக எனக்கு இடம் கிடைக்கலைன்னாலும் பரவாயில்ல.”

திரையில் மூவரும் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார்கள். எனக்கா, பொறுக்கவில்லை. நடுவில் தலையை நீட்டினேன். “மேடம், ஒரு யோசனை. சின்ன மண்பானையில ஈரத்துணியச் சுத்தி—”

“சார், நீங்க யாரு?”

“எங்க மாமா, மேடம்,” என்றாள் மெர்லின். “பிரச்சனையக் கேக்குறதுக்கு முன்னாடியே தீர்வு சொல்லிருவாங்க. இதுக்கு இன்னும் கருவி கண்டுபிடிக்கல.”

மூன்று முகங்களும் சிரித்தன. அந்த அம்மையார் மட்டும் சிரிப்பை முடித்துக்கொண்டு சொன்னார். “ஆபத்தில் இருப்பவரை எச்சரிப்பதை நாங்கள் தீர்வு என்று சொல்வதில்லை. அவர் அடுத்த முறை கடலுக்குப் போகும்போது மருந்தை எதில் வைப்பார்? அதற்குத்தான் தீர்வு வேண்டும். அதை நீங்கள் சொல்லவில்லை. நல்லது.”

கால் முடிந்தது. அத்தான் செய்தித்தாளை மடித்தார். மடித்ததை இன்னொரு முறை மடித்தார். மகளிடம் வந்து நின்றார்.

“அவருக்கு இப்ப கால் எப்படி இருக்கு?”

“ஆறிட்டு வருதுப்பா.”

“ம்...” செய்தித்தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டார். “சென்னையில, அங்கன சாப்பாடெல்லாம் எப்படி?”

மெர்லின் சட்டென்று திரும்பி ஜன்னல் பக்கம் போனாள். என் மனைவியும் போனாள். இரண்டு பேரும் ஜன்னலில் என்னத்தைப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

தேர்வானாள். போன வாரம் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டோம். இப்போது சென்னையில் ஏதோ ஒரு வார்டில், வாயை மூடிக்கொண்டு, பார்த்துக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவு கஷ்டமான வேலை! எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பது... உங்களால் முடியுமா? என்னால் முடியாது என்பதற்குத்தான் சாட்சிகள் இருக்கிறார்களே.

முந்தாநாள் ரோஸ்லின் மீன் கொண்டுவந்தார். மெர்லின் சென்னையில் சேர்ந்த விஷயத்தைச் சொன்னேன். அவளைத் தருவைகுளத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது யார் என்பதையும் சற்று விரிவாகவே நினைவுபடுத்தினேன்.

ரோஸ்லின் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அந்தப் புள்ள தனியா வந்திருந்தா, இன்னும் சீக்கிரமாவே கண்டுபிடிச்சிருக்கும் அண்ணாச்சி.”