சங்கிலி விதியின் ஏழாவது வரி

ஜாக்குலின் மேடம் கணக்குக்குப் பயந்தவள் என்று சொன்னால் சேலத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பதினான்கு வருடமாகக் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணிதம் நடத்துகிறவள். கரும்பலகையின் இடது மூலையில் ஆரம்பித்தால், வலது மூலையில் 'எனவே நிரூபிக்கப்பட்டது' என்று முடிக்கும்வரை கையிலிருக்கும் நோட்டைப் புரட்ட மாட்டாள். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அவளுக்கல்லவா தெரியும் அந்த வித்தையின் ரகசியம்! நடுவில் நிறுத்தினால் யாராவது கேள்வி கேட்பார்கள். கேள்வி என்றாலே அவளுக்குப் பயம்.

அப்பா அற்புதராஜ் ரயில்வேயில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயிலில் நடக்கும் ஞானோபதேச வகுப்பில் வருடா வருடம் ஜாக்குலினுக்குத்தான் முதல் பரிசு. கேட்ட கேள்விக்கு ஓர் எழுத்துப் பிசகாமல் பதில் சொல்வாள். பிற்பாடு பி.எஸ்சி.யில் கணிதத்தையும் அதே மாதிரிதான் படித்தாள். தேற்றங்களை மந்திரம்போல் உருப்போட்டு வகுப்பில் முதலாவதாக வந்தாள். எம்.எஸ்சி.யும் எம்.ஃபில்.லும் அப்படியே முடிந்தன. புரிகிறதா என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, பாவம்.

வேலை ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஜூனிலும் துறைத்தலைவர் பிரபாகர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடம் உண்டு. "உங்களப் பத்திப் பசங்க ஒரு குறையும் சொல்றதில்லை மேடம்" என்று அவர் சொல்கிற வரைக்கும் பிழைத்தாள்.

இந்த மே மாதம் பல்கலைக்கழகத்தில் கோடை வகுப்புகள் வைத்தார்கள். கணிதம், இயற்பியல், கணக்குப்பதிவியல், ஆங்கிலம் என்று நாலு பாடம், மூன்று வாரம். நவம்பர் தேர்வில் தவறியவர்கள் படித்துவிட்டு ஜூனில் மறுபடி எழுதலாம். கணிதத்துக்குப் பிரபாகர் ஜாக்குலினை அனுப்பினார். இருபத்திரண்டு பேர். எல்லாரும் தோற்றுப் போனவர்கள், அதனால் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அவள் தைரியமாகத்தான் போனாள்.

நாலாம் நாள் சங்கிலி விதி. ஒரு சார்புக்குள் இன்னொரு சார்பு இருந்தால் வகையிடுவது எப்படி என்ற பாடம். மளமளவென்று எழுதிக்கொண்டு போனவளை இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுங்களா? ஏழாவது வரியில ஒரு வித்தியாசத்தால வகுக்கறமுங்களே, அது பூஜ்ஜியமா இருந்தா என்னங்க பண்றது?"

ஜாக்குலின் திரும்பிப் பார்த்தாள். மல்லசமுத்திரத்துப் பெண் அது, பெயர் தனப்பிரியா. கேலியாகக் கேட்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி பதிலுக்குக் காத்திருந்தது.

"அதெல்லாம் பூஜ்ஜியம் ஆகாதும்மா. எழுதிக்க."

இருபத்திரண்டு பேரும் 'பூஜ்ஜியம் ஆகாது' என்று எழுதிக்கொண்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் ஓர் ஓரமாக உட்கார்ந்து தாளை எடுத்தாள். எதைக் கொடுத்தாலும் ஐந்து என்றே பதில் சொல்லும் ஒரு சார்பை எழுதினாள். ஏழாவது வரியின் வித்தியாசத்துக்கு ஐந்திலிருந்து ஐந்தைக் கழித்தாள். பூஜ்ஜியம். எதையும் பூஜ்ஜியத்தால் வகுக்கக் கூடாது என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அவள் பாடம் நடத்தும் நோட்டு அவளுடைய ஆசிரியை கொடுத்தது, அந்த வரியும் அதில் இருந்ததுதான். பதினான்கு வருடமாக அந்த வரியை எத்தனை நூறு பேருக்கு எழுதிப் போட்டிருப்பாள்! அந்தப் பெண் பிரபாகரிடம் போய்ச் சொன்னால்? நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினால்?

பல்கலைக்கழக நூலகத்தில் தடித்த புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்தாள். அந்த வரி ஓட்டை என்று அதில் போட்டிருந்தது. சரியான நிரூபணம் ஒன்றரைப் பக்கம். மூன்று தடவை படித்தபின் புரிந்தது. மனப்பாடம் ஆகாமலே புரிந்தது. ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் பயம் இரண்டு மடங்கானது. இனிமேல் தெரியாத மாதிரி அந்த ஏழாவது வரியை எழுத முடியாதே.

மறுநாள் வகுப்புக்கு முன்னதாகவே போனாள். தனப்பிரியா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த பஸ் தாமதமாகும் என்பதால் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவாளாம்.

"நேத்து நீ கேட்டது உனக்கு எப்படிம்மா தோணுச்சு?"

"பரீட்சையில இதே விதியை நிரூபிக்கச் சொல்லியிருந்தாங்க, அப்பவே தோணுச்சுங்க மேடம். அதுக்கு மேல எழுத மனசு வரலீங்க. 'இங்கே பூஜ்ஜியம் வரலாம், இதற்கு மேல் வழி தெரியவில்லை'ன்னு எழுதிப் பென்சில்ல கட்டம் போட்டுட்டு வந்துட்டேனுங்க. மூணு மார்க்ல போயிருச்சு. அப்பாரு இந்த ஒருக்காதான் உடறேன்னு சொல்லியிருக்காருங்க. இதுலயும் போச்சுன்னா படிப்பு அவ்வளவுதானுங்க."

பென்சில் கட்டம். அதை ஜாக்குலின் பார்த்திருக்கிறாள். நவம்பர் தேர்வின் விடைத்தாள் திருத்தும் முகாமில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்த விடைத்தாள் கட்டுக்குள் அப்படி ஒரு தாள் இருந்தது. பெயர் கிழித்த தாள், எண் மட்டும்தான். பாதியில் நிறுத்தியிருந்த விடையைப் பார்த்து, சோம்பேறி என்று முணுமுணுத்து, பத்துக்கு ஒரு மதிப்பெண் போட்டுத் தள்ளிவிட்டுச் சாப்பிடப் போனவள் இவள்தான்.

யார் தாளை யார் திருத்தினார்கள் என்று வெளியே சொல்லவே கூடாது. சொன்னால் முகாமுக்குக் கூப்பிட மாட்டார்கள். பிரபாகர் காதுக்குப் போனால் ஜூனில் கையெழுத்தும் விழாது. ஜாக்குலினுக்கு இது நன்றாகவே தெரியும். மற்ற பிள்ளைகள் வந்து உட்காரும்வரை நூலகப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு கரும்பலகைக்குத் திரும்பி, "நேத்து எழுதினதை அடிச்சிடுங்க. அது தப்பு" என்றாள். ஒன்றரைப் பக்கத்தையும் எழுதினாள். இந்தத் தடவை வரிக்கு வரி நிறுத்தி ஏன் என்று சொன்னாள். இரண்டு இடத்தில் தடுமாறிப் புத்தகத்தைப் பார்த்தாள். யாரும் வாயைப் பிளக்கவில்லை.

தனப்பிரியா எழுந்தாள். "ஜூன்ல இத எழுதினா மார்க் போடுவாங்களா மேடம்?"

"ஜூன்ல யார் திருத்துவாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றாள் ஜாக்குலின். சாக்பீஸை மேசையில் வைத்தாள். "நவம்பர்ல உன் தாளைத் திருத்தினது நான்தான்."

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது.

"அப்பப் பூஜ்ஜியம் வரும்ங்கறது உங்களுக்கே தெரியாதுங்களா மேடம்?"

பதினான்கு வருடமாக எந்த வார்த்தைக்குப் பயந்து ஓடினாளோ அதை ஜாக்குலின் இருபத்திரண்டு பேருக்கு முன்னால் சொன்னாள்.

"தெரியாதும்மா."