முதல் ஸ்டைபெண்ட் வரும்வரை

ஆடிட்டருக்காக வவுச்சர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த காலை நேரத்தில் ரேவதி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, நான் விட்டுடறேன். ஒரு கால் சென்டர்ல கூப்பிட்டிருக்காங்க. திங்கக்கிழமை சேரணும்."

வங்காளிகள் நிறைந்த கரியாஹாட்டில் இருந்தது எங்கள் அறக்கட்டளை அலுவலகம். பட்டம் முடித்த இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, ஆசிரியர் இல்லாமல் தவிக்கும் பள்ளிகளுக்கு இரண்டு வருட சேவைக்கு அனுப்புவோம். நான் அங்கே அக்கவுண்ட்ஸ் பொறுப்பில் இருந்தேன். ரேவதி சாந்த்ராகாச்சியிலிருந்து வந்த தமிழ்ப் பெண். தேர்வுக்காக அவள் நடத்திய டெமோ கிளாஸைப் பார்த்தவர்கள் அசந்துபோயிருந்தார்கள். பயிற்சி தொடங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

"ஏம்மா, பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு. அதான் கஷ்டமா இருக்கு."

அப்பா இல்லாத வீடு. அவள் ட்யூஷன் எடுத்துத்தான் அம்மாவையும் தம்பியையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சி முழுநாள் என்பதால் ட்யூஷன் நின்றுவிட்டது. சேவைக்காக மாதாமாதம் தரும் ஸ்டைபெண்டோ பள்ளியில் போஸ்டிங் ஆன பிறகுதான் வரும்.

"உதவித் திட்டம் இருக்கேம்மா. பில் குடுத்தா ரீஇம்பர்ஸ் பண்ணிடுவோம்."

"பில் வாங்கறதுக்கே முதல்ல காசு வேணுமே ஆன்ட்டி. பஸ்ல டிக்கெட் குடுப்பாங்க. வீட்டுக்கு அரிசி கடன் குடுக்கற கடைக்கார காக்கு என்ன பில் குடுப்பார்?"

வவுச்சர்களை அப்படியே மூடி வைத்தேன்.

இயக்குநர் ஷர்மிளா தீதியிடம் போனேன். நல்லவர்தான், ஆனால் விதியை மீற மாட்டார். "ஒரு பொண்ணுக்காக ரூல மாத்த முடியாது கல்யாணி. வர்ற வியாழன் கமிட்டி கூடுது. அவளே வந்து தன் நிலைமையைச் சொல்லட்டும், பாக்கலாம்" என்றார்.

ரேவதியிடம் சொன்னேன். அவள் முகம் இறுகியது.

"டெமோ கிளாஸ் எடுக்கச் சொல்லுங்க, எத்தனை தடவை வேணும்னாலும் எடுக்கறேன். என் வீட்டுக் கஷ்டத்தை அத்தனை பேர் முன்னாடி நின்னு சொல்ல மாட்டேன்."

அவள் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. வியாழன் வரை பொறுத்திருக்க மட்டும் கேட்டுக்கொண்டேன்.

புடவைக் கடையில்

ரேவதி பேசமாட்டாள் என்றால் வேறு யார் பேசுவது? முந்தைய பேட்ச்களிலும் போஸ்டிங்குக்கு முன்பே சிலர் விலகியிருந்தார்கள். கேட்டால் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் 'சொந்தக் காரணம்' என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொருவராகப் போன் செய்தேன். ஒருத்தி பெங்களூரு போய்விட்டாள். சிலர் எடுக்கவேயில்லை. சுபங்கர் எடுத்தான். அவனுக்கு நான் மாஷிமா, அதாவது சித்தி.

"மாஷிமா, உங்க ஆபீஸ் பக்கத்துலதான் இருக்கேன். புடவைக் கடை."

மதியம் நடந்தே போனேன். ஒரு புடவையைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு, கைத்தறிக்கும் மெஷின் நெசவுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அந்த அம்மா நல்ல மாணவியைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். இவனையா விட்டோம் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

"அப்போ டிரெயின் செலவுக்கே தடுமாற்றம். சொல்ல வெக்கமா இருந்துச்சு. சொந்தக் காரணம்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றான்.

பெயர் சொல்லாமல் ரேவதியின் நிலைமையைச் சொன்னேன். "அதை இப்போ கமிட்டில வந்து சொல்லுவியா?"

கொஞ்சம் யோசித்தான். "அந்தப் பொண்ணு எதையும் சொல்ல வேண்டியதில்லைன்னா வர்றேன்."

வியாழக்கிழமை

கமிட்டியின் மூத்த உறுப்பினர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நான் பேச ஆரம்பித்ததுமே கையை உயர்த்தினார். "முன்கூட்டியே பணம் குடுத்தா வாங்கிட்டு ஓடிடுவாங்க."

"குடுக்காமலே போயிட்டுத்தானே சார் இருக்காங்க. அவங்களைத் தேர்ந்தெடுக்கறதுக்கும் பயிற்சிக்கும் நாம செலவு பண்ணது அவங்களோடயே போயிடுது."

பிறகு சுபங்கரைக் கூப்பிட்டேன். கடைச் சட்டையிலேயே வந்திருந்தான். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"என்னை நீங்க தேர்ந்தெடுத்தீங்க. எங்க வீட்டுல எல்லாருக்கும் இனிப்பு குடுத்தோம். ஆனா முதல் ஸ்டைபெண்ட் வர்ற வரைக்கும் எப்படிச் சாப்பிடுவேன்னு இங்க யாரும் கேக்கல. நானும் சொல்லல."

வங்கிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்போ இடம் குடுத்தா வருவியா?" என்று அவரே கேட்டார்.

"முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுவேன் சார்."

அன்றே முடிவானது. பயிற்சியில் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே ஆரம்ப உதவித்தொகை பேங்க் அக்கவுண்டில் விழ வேண்டும். நடந்துகொண்டிருந்த பேட்சுக்கும் இது உண்டு. பில்லும் கிடையாது, விளக்கமும் கிடையாது. வேண்டாம் என்பவர்கள் வேண்டாமென்று சொல்லலாம். 'கஷ்டப்படுகிறவர்களுக்கு மட்டும்' என்ற வரியைச் சேர்க்கப் பார்த்தார்கள். அதற்கு மட்டும் நான் மசியவில்லை. அந்த வரி வந்தால் ரேவதி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

வெளியே வந்து அவளிடம் சொன்னேன்.

"எல்லாருக்குமா ஆன்ட்டி?"

"எல்லாருக்கும்."

"அப்போ நானும் வாங்கிக்கறேன்." அங்கேயே கால் சென்டருக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அந்த பேட்சில் பணத்தை வாங்கிக்கொண்டு ஒருவரும் ஓடவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள் சிலர் மெதுவாக என் மேஜைக்கு வந்து, தங்களுக்கு வேண்டாம் என்றார்கள். ரேவதிக்கும் சுபங்கருக்கும் கார்டன் ரீச் பக்கம் ஒரே பள்ளியில் போஸ்டிங் கிடைத்தது. ஒரு நாள் போய் ரேவதியின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பின்னம் நடத்தினாள். ரொட்டியை வைத்து ஆரம்பித்து, பிள்ளைகளே போர்டுக்கு ஓடி வந்து போடும் வரைக்கும் விடவில்லை. பக்கத்து அறையிலிருந்து சுபங்கரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. என் வேலைக் காலத்தில் எத்தனையோ ஆடிட்டுகள் குறையில்லாமல் முடிந்திருக்கின்றன. எதற்கும் நான் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

அக்கவுண்ட்ஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உதவி என்று ஒன்றை வைத்தால், அது கேட்பதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். கேட்க வைத்துக் கொடுத்தால், நல்லவர்களில் பாதிப் பேர் கேட்காமலே போய்விடுவார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன் நடந்த கடைசி கமிட்டிக் கூட்டத்தில் ஒரு புது உறுப்பினர், "பில் இல்லாம எப்படிப் பணம் குடுக்கறது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வங்கிக்காரர் முந்திக்கொண்டார்.

"முதல் நாளே குடுத்துடணும். அப்பதான் நிப்பாங்க. நாங்க எல்லாம் யோசிச்சுப் போட்ட ரூல் இது."

ஷர்மிளா தீதி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கூட்டத்தின் மினிட்ஸில் அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.