பெரியவரிடம் கேட்காத மன்னிப்பு

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஆள் நான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மவுண்ட் ஆல்பர்ட்டில் தனியாக இருந்த ஒரு யூதப் பெரியவரின் வீட்டைப் பல வருடங்கள் சுத்தம் செய்தேன். அவருக்குக் கார் ஓட்டியவர் என் நண்பர், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். "கிழவர் சிவப்பு லைற்றோடயும் வாதாடும்" என்று என்னிடம் சிரிப்பார். இருவருக்கும் வாய்ச்சண்டை ஓயாது. ஒருநாள் அது முற்றி, எங்கள் ஆண்டவரைக் கொன்றவர்கள் நீங்கள்தானே என்று நண்பர் சொல்லிவிட்டார். பெரியவர் கையை நீட்டிக் கார் சாவியை வாங்கிக்கொண்டார். மூன்றாம் வாரம் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து கிளென் ஈடனில் நண்பர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"சாமியாரிட்டப் போய்ச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திட்டன் தம்பி. ஆண்டவர் மன்னிச்சிட்டார். பிறகேன் நெஞ்சு இப்பிடி அடைக்குது?"

பெரியவர் வருடாவருடம் தங்கள் பெரிய உபவாசத்துக்கு முன்னால் தெரிந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்பார். தரை துடைக்கும் என்னிடமும் வந்து, இந்த வருடம் உன் மனம் நோக நடந்தேனா என்று கேட்பார். நான் கூச்சத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். அவரிடம் கேட்டு அறிந்ததைத்தான் சொன்னேன்.

"அவங்க நம்பிக்கை வேறண்ணே. மனுஷனுக்குச் செஞ்ச தப்பைக் கடவுள் மன்னிக்க மாட்டாராம். அந்த மனுஷன்கிட்டதான் போய்க் கேக்கணுமாம்."

"ஆள் செத்துப்போச்சே."

"ஆமாண்ணே."

அதற்குமேல் எனக்குத் தெரியாது. நண்பர் தேநீரைத் தொடவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி போன் செய்தார். "அவருக்கு என்னத்தைச் சொன்னனீர் தம்பி? மனுசன் கோயிலுக்கும் வாறேல்லை, நற்கருணையும் எடுக்கிறேல்லை."

பயந்துபோய்ப் பெரியவரின் மகளைத் தேடிப் போனேன். இறந்தவரிடமும் கேட்கலாமாம். பத்துப் பேரோடு கல்லறைக்குப் போய், அவர்கள் முன்னால் செய்ததைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆட்களைத் தானே கூட்டி வருவதாகச் சொல்லி அழுதார்.

அன்றே நண்பர் வீட்டுக்கு ஓடினேன். கதவு திறக்கவில்லை. "நீ போ தம்பி. என்னால கதைக்க ஏலாது" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. அந்த மூடிய கதவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பாதி தெரிந்ததை முழுதும் தெரிந்ததுபோல் சொல்லி ஒரு நல்ல மனிதரை உடைத்துவிட்டேன்.

இதை அவர் வீட்டுத் தபால் பெட்டியில் போடப்போகிறேன். அண்ணே, வழி இருக்கிறது. கல்லறைக்கு நானும் கூட வருகிறேன். அதற்கு முன் என்னை நீங்கள் மன்னிக்க வேண்டும்.

ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை.