தம்பியின் பெரிய கிட்னி

என் தம்பி ஒரு வேலையும் செய்யாமலே வீட்டில் பெரிய ஆளாகியிருந்தான். அவன் செய்ததெல்லாம் ஒரு சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகளோடு பிறந்ததுதான். அது உதவாது, மற்றது நன்றாக வளர்ந்தால் இரண்டின் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அதைச் சாப்பாட்டுக் கணக்காகப் புரிந்துகொண்டாள். அவனுக்கு இரண்டு முட்டை, எனக்கு ஒன்று. இரண்டு கிட்னி உள்ளவளுக்கு ஒரு முட்டையா என்று கேட்டால், "வாயாடாம தின்னு புள்ள" என்பாள்.

சுனாமியில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்து லயத்து வீடு போனபின், தெற்கு அந்தமானில் சௌல்தாரியில் பெரியப்பா நிலத்தில் தகரக் கொட்டகை போட்டு இருந்தோம். அங்கிருந்து அவனை அவ்வப்போது ஸ்கேனுக்காக போர்ட் பிளேர் கூட்டிப்போவார்கள். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதால் பஸ்ஸில் இளநீர். "ரோக்கே ரக்னா, சோட்டு", அடக்கி வைடா குட்டி என்று கண்டக்டர் அவன் வயிற்றைத் தட்டிச் சிரித்து, தன் சீட்டையே கொடுப்பார். கிட்னி வளர்ந்திருந்தால் திரும்பும்போது ஜங்லிகாட் கடையில் ஜிலேபி. நான் வளர்ந்தபோது, கவுன் குட்டையாகிவிட்டதென்று திட்டுதான் கிடைத்தது.

ஒருமுறை, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் என்னையும் கூட்டிப்போனார்கள். வழியில் அவன் தண்ணீர் பாட்டிலில் பாதியை நான் குடித்தேன். ஸ்கேன் முடிந்து அம்மா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்ததும், மேசையில் ஏறிப் படுத்துக் கவுனைத் தூக்கிக்கொண்டேன்.

"எறங்குடி கழுத. மானத்த வாங்காத" என்றார் அப்பா.

வங்காளி டாக்டர் சிரித்தார். கூடப் பிறந்தவளையும் ஒருமுறை பார்த்து வைப்பது நல்லதுதான் என்று இந்தியில் சொன்னார்.

அப்பா அதன்பின் அதட்டவில்லை. நாலு வயதிலும் இடுப்பைவிட்டு இறங்காத தம்பியை அம்மா தரையில் விட்டாள். அவள் கை சுவரைப் பிடித்திருந்தது. இருவரும் என்னையே பார்த்தார்கள். அவன் சேலையை இழுத்து அழுதும் அம்மா திரும்பவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன மாதம் என் மகளை அப்படியொரு மேசையில் படுக்கவைத்தபோது என் கையும் சுவரைத் தேடியது. குறையொன்றும் இல்லையாம். 

அன்று என்னை ஸ்கேன் செய்து முடித்ததும், "தோனோ டீக் ஹை" என்றார் அந்த வங்காளி டாக்டர். இரண்டும் நன்றாக இருக்கிறதாம்.

"தம்பியோடது பெருசா, என்னோடதா?"

அப்பா அதை இந்தியில் கேட்டார். டாக்டர் தம்பியைக் காட்டினார்.

நான் அழுதுவிட்டேன். இரண்டு இருந்தும் அவனுடைய ஒன்றுக்கு ஈடாகவில்லை. அம்மா என்னை வாரி அணைத்துக்கொண்டு, என்னைவிடச் சத்தமாக அழுதாள். அன்று ஜிலேபி முதலில் என் கைக்குத்தான் வந்தது. என் கிட்னி சின்னதாகப் போனதற்குத்தான் அம்மா இவ்வளவு வருத்தப்படுகிறாள் என்று நினைத்து, "பரவாயில்லம்மா, நானும் முட்ட தின்னா வளந்துரும்" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.