அண்ணா தளர்த்திப் பார்க்காத கேபிள்

எங்கள் அண்ணா காளி பூஜைக்கு மறுநாள் காலை, ஜாதவ்பூரில் தம் வீட்டிலேயே இறைவனடி சேர்ந்தார். இந்த நினைவு மலரைப் பெறும் நீங்கள் அனைவரும் அவரை அறிந்தவர்கள். ஆனால் அவர் என்ன வேலை பார்த்தார் என்பது நம்மில் பலருக்குச் சரியாகத் தெரியாது. "ஏரோப்ளேன் ரிப்பேர்" என்று கல்யாண வீடுகளில் சொல்லி, அத்தோடு விட்டுவிடுவோம். தங்கையாகிய நான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அண்ணா பிறந்தது கல்கத்தாவில்தான். கும்பகோணத்திலிருந்து வந்த அப்பா ஒரு தனியார் கம்பெனியில் சுருக்கெழுத்தாளராக இருந்தார். அப்பா மறைந்தபோது அண்ணாவுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது. அண்ணா கல்லூரியை விட்டுவிட்டு, பயிற்சி விமானங்கள் நிற்கும் ஒரு ஹேங்கரில் உதவியாளராகச் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே பரீட்சைகள் எழுதி லைசென்ஸ் வாங்கினார். அம்மாவும் நானும் நிமிர்ந்து வாழ்ந்தது அந்த வேலையால்தான்.

அங்கே இருந்தவை இரண்டு பேர் உட்காரும் பழைய விமானங்கள். விமானி கையாலும் காலாலும் இயக்கும் பாகங்கள், அதாவது கீல்களும் கப்பிகளும் கேபிள்களும், வருஷக்கணக்கான உபயோகத்தில் தேய்ந்துபோயிருக்கும். அவற்றைச் சரிசெய்வதுதான் அண்ணாவின் வேலை. ஒருமுறை என்னை அழைத்துப்போய்க் காட்டினார். இறக்கையின் ஓரத்தில் அசையும் தகட்டை இரண்டு விரலால் பிடித்து மெல்ல ஆட்டி, "ஆட்டம் இருக்கு பார்" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தேய்ந்த கீலை மாற்றி, மறுபடி ஆட்டிப் பார்த்த பிறகுதான் விமானத்தின் பதிவேட்டில் கையெழுத்திட்டார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு நாள் தவறினார். வாலில் இருக்கும் சுக்கானை விமானி கால் பெடலால் திருப்புவார். பெடலிலிருந்து வால்வரை எஃகுக் கேபிள் ஓடும். கேபிளைத் துணியால் துடைத்துக்கொண்டே போனால் அறுந்த இழை துணியில் மாட்டும். ஆனால் கப்பியின் மேல் வளைந்து மறைந்திருக்கும் பகுதியை, கேபிளைத் தளர்த்தி எடுத்துத்தான் பார்க்க முடியும். அன்று அண்ணா துணியால் துடைத்தார். துணியில் ஒன்றும் மாட்டவில்லை. தளர்த்திப் பார்க்காமல் கையெழுத்திட்டார்.

மூன்று வாரம் கழித்து, மிதாலி என்ற பயிற்சி மாணவி தனியாக ஓட்டிவந்து இறங்கும்போது அந்தக் கேபிள் கப்பியருகே அறுந்தது. விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் பள்ளத்தில் சரிந்தது. மிதாலியின் வலது முழங்கை நொறுங்கியது. அந்தக் கை அதன்பின் முழுதாக நீளவே இல்லை. அவர் மறுபடி விமானம் ஓட்டவும் இல்லை.

பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்ததால் அண்ணாவை யாரும் சந்தேகிக்கவில்லை. அவராகவே விசாரணை அதிகாரியிடம் போய் நடந்ததைச் சொன்னார். ஏன் பார்க்கவில்லை என்று அதிகாரி கேட்டதற்கு, "காரணம் ஒன்றும் இல்லை, என் தப்பு" என்று மட்டும் சொன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போய் மிதாலியிடமும் சொன்னார். லைசென்ஸை இரண்டு ஆண்டு நிறுத்திவைத்தார்கள். டாலிகஞ்சில் சினிமா கேமராவின் தள்ளுவண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் அண்ணாவுக்கு வேலை கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில்தான் என் கல்யாணம் நடந்தது. "லீவு போட்டிருக்கேன்" என்று பகலெல்லாம் வீட்டிலேயே இருந்தார். அண்ணா கூடவே இருக்கிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன். விஷயம் எனக்குத் தெரிந்தது, புக்ககம் போன பிறகு அண்ணாவின் மனைவி, எங்கள் மன்னி, எழுதிய கடிதத்தில்தான்.

லைசென்ஸ் திரும்பக் கிடைத்து ஹேங்கருக்குப் போனபின், ஓய்வுபெறும் வரை எந்தக் கேபிளையும் தளர்த்திப் பார்க்காமல் அவர் கையெழுத்திட்டதில்லை. தாமதமாகிறது என்று மாணவர்கள் முணுமுணுப்பார்களாம். அவர் கேபிளைத் தளர்த்திக்கொண்டே இருப்பாராம்.

போன வருஷம் நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. கடைசி இரண்டு மாதம் நான் பெங்களூரிலிருந்து வந்து கூடவே இருந்தேன். ஹேங்கரில் அவரோடு வேலை பார்த்த பிஷுதா வாராவாரம் பார்க்க வருவார். ஒரு நாள் அண்ணா கண்ணயர்ந்திருந்தபோது, பிஷுதா சமையலறை வாசலில் நின்று வங்காளத்தில் என்னிடம் சொன்னார்: "அந்தக் கேபிளைத் துடைத்த அன்றைக்கு உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள் இல்லையா? நாலு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார். துடைத்ததே போதும் அண்ணா, கிளம்புங்கள் என்று நான்தான் சொன்னேன்."

என் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன். இருபது வருஷத்துக்கும் மேலாக எனக்கு இது தெரியாது. மன்னிக்கும் தெரியாது.

சாயங்காலம் அண்ணாவிடமே கேட்டேன். "என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் சற்று மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "சொல்லி? வந்தவா மேல தப்பா, உன் மேல தப்பா? நான் அரை மணி லேட்டா வந்திருந்தா, அவா இன்னொரு தரம் காபி குடிச்சிருப்பா. அவ்வளவுதான். அவசரப்பட்டது நான். நீ இதைத் தூக்கித் தலையில வச்சுக்காதே."

"மிதாலி அப்புறம் உங்களோட பேசினாளா?"

"இல்லை. வருஷா வருஷம் போன் பண்ணிப் பார்ப்பேன். எடுக்கமாட்டா. எடுக்கணும்னு என்ன இருக்கு?"

அதற்குமேல் இதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அந்தப் பேச்சுக்கு ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார். அவர் வேண்டாம் என்று சொன்னதைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன். இறக்கிவைக்க எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் மலரில் எழுதலாமா என்று மன்னியைக் கேட்டேன். "அவரே போய்ச் சொன்னதை நாம ஏன் மறைக்கணும்? எழுது" என்றார்.

அண்ணாவுக்கு வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்ஸ் சகோதரிக்கும், பூஜைக் கூட்டத்திலும் வண்டிக்கு ஏற்பாடு செய்த தெருக்காரர்களுக்கும், சடங்குகளைக் குறைவின்றி நடத்தித் தந்த சாஸ்திரிகளுக்கும், இன்றும் தம்மைத்தாமே நொந்துகொள்ளும் பிஷுதாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அண்ணா போன பத்தாம் நாள் மாலை, சால்ட் லேக்கில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் மிதாலி, பிஷுதா சொல்லிக் கேள்விப்பட்டு வீடு தேடி வந்தார். அண்ணாவின் படத்தின் முன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மன்னியிடம் சொன்னார்: "நான்தான் தப்பாக இறக்கினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். என் அப்பாகூட அப்படித்தான் நினைத்தார். உங்கள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்ன பிறகுதான் அப்பா என்னை நம்பினார். கேபிளைப் பார்க்காமல் விட்டதற்காக அவர் மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் இதையாவது ஒரு தடவை போனை எடுத்து அவரிடம் சொல்லியிருக்கலாம்."

அண்ணா கேட்காமல் போன வார்த்தை இது. அவர் பெயரால் வெளிவரும் இம்மலரிலாவது இருக்கட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.